வாடகை வாங்கும் சாமிக்கு விலக்கு, இட்லிச் சட்டிக்கு வரியா?

சென்ற தை மாதத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மண்டபச் செலவு என் தலையில் விழுந்தது. நம் ஆட்களே கட்டி, நம் ஆட்களே நடத்திவரும் ஒரு கோயில் டிரஸ்டின் மண்டபத்தைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். எண்ணிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். ஒன்றில் ‘மண்டபப் பராமரிப்பு ரூ. 9,900’ என்றிருந்தது. மற்றதில் ‘அன்னதான நன்கொடை ரூ. 50,100’ என்றிருந்தது.

“நான் அன்னதானம் எதுவும் செய்யவில்லையே, மண்டபத்துக்குத்தானே கொடுத்தேன்?” என்று கேட்டேன்.

“எல்லாம் சாமிக்குத்தானே அண்ணாச்சி.”

“அப்படியானால் வாடகை என்று ஒரே ரசீதாக எழுதிக் கொடுங்கள்.”

அவர் சிரித்தார். “வாடகைன்னு எழுதினா வரி வந்துடும் அண்ணாச்சி. இது கோயில் இடம். முனிசிபாலிடி பொது வரியே நமக்குக் கிடையாது. ஏன் நாமளே வலியப் போய் இழுத்து விட்டுக்கணும்?”

இருபத்திரண்டு வருஷமாக ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மூட்டையின் மேல் ‘பழைய துணி’ என்று எழுதி உள்ளே பித்தளைப் பாத்திரம் வைத்து அனுப்பும் வியாபாரிகளைத் தினமும் பார்க்கிறவன். பொய் விவரம் எழுதினால் அபராதக் கட்டணம் போட ரயில்வே சட்டத்தில் இடமிருக்கிறது, போட்டும் இருக்கிறேன். அன்று ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டபோது, வெளியே ஒன்று எழுதி உள்ளே வேறொன்று வைத்த மூட்டையில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றுதான் தோன்றியது. கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கிறேன்.

அதே வாரத்தில் எங்கள் சந்தில் இட்லி அவித்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். “தம்பி, நீ ஆபீசில் வேலை பார்க்கிறவன், உனக்குத் தெரியும். இடத்தை அளக்க வருவாங்களாமே? என் கிரைண்டருக்கும் இட்லிக் கொப்பரைக்கும் வரியாமே?” பத்துக்குப் பத்து அறை. கீழே கொப்பரை, மேலே பரணில் குடும்பம். விடியற்காலை நான்கு மணிக்கு ஆவி கிளம்பினால் ஏழு மணிக்குள் சைக்கிளில் இட்லி போய்விடும். மும்பை நகரம் நின்றபடியே சாப்பிடும் இட்லியில் பெரும்பங்கு தாராவியின் இத்தகைய அறைகளில் வெந்ததுதான்.

அக்காவின் பயம் காற்றில் வந்ததல்ல. 2025 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சி தன் பட்ஜெட்டில் ஓர் அறிவிப்புச் செய்தது. குடிசைப் பகுதிகளில் சுமார் 50,000 இடங்களில் கடையும் பட்டறையும் ஓட்டலும் கிடங்கும் நடக்கின்றன, அவற்றுக்குச் சொத்துவரி விதித்தால் 350 கோடி ரூபாய் கிடைக்கும் என்றது. இந்த அறிவிப்பு வந்தபோது மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூடக் கிடையாது. கவுன்சிலின் பதவிக்காலம் 2022 மார்ச்சிலேயே முடிந்துபோயிற்று. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. கேட்க ஆளில்லாத நேரத்தில், கேட்க நாதியில்லாதவன் வாசலில் அளவு நாடாவை விரித்தார்கள்.

வரியே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அதைச் சொல்கிறவன் நம் ஆளும் அல்ல. சயன் ஆஸ்பத்திரி மாநகராட்சி நடத்துவது. நம் வீட்டுப் பிரசவங்களில் எத்தனை அங்கே நடந்தவை? எட்டு மொழிகளில் மாநகராட்சி பள்ளிக்கூடம் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று அந்தத் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கிவருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். குப்பை அள்ளுகிறவர், சாக்கடையில் இறங்குகிறவர், கொசுமருந்து அடிக்கிறவர் எல்லாருக்கும் கூலி இந்த வரியிலிருந்து வருகிறது. முன்பு ஆக்ட்ராய் என்று நுழைவு வரி இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அது போயிற்று. அதன் பிறகு மாநகராட்சி தன் கையால் வசூலிக்கும் வருமானத்தில் சொத்துவரிதான் பெரிய தூண். அந்தத் தூணை யார் தாங்குகிறார்கள், யார் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பத்தாவது படித்தவனுக்குச் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். டைம் டேபிள் படிக்கத் தெரிந்தவனுக்குச் சட்டமும் படிக்கத் தெரியும்.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, இன்றும் நடப்பிலிருக்கிறது. அதன் 143-ஆவது பிரிவு, நகரத்துக் கட்டடம், நிலம் எல்லாவற்றுக்கும் பொது வரி உண்டு என்று சொல்லிவிட்டு, சிலவற்றுக்கு விலக்குக் கொடுக்கிறது. பொது வழிபாட்டுக்கோ தர்ம காரியத்துக்கோ மட்டுமே பயன்படும் இடங்கள் அந்த விலக்கில் வருகின்றன. ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா, ஜைனர் ஆலயம் என்ற பேதம் அந்தப் பிரிவில் கிடையாது.

அதோடு அந்தப் பிரிவு நிற்கவில்லை. டிரஸ்டுகள் மறந்துபோகும் அடுத்த உட்பிரிவு ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் வியாபாரமோ தொழிலோ நடக்கிறதோ, எந்த இடத்திலிருந்து வாடகை வருகிறதோ, அந்த இடம் வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படுவதாகக் கருதப்படாது. வந்த வாடகையைச் சாமிக்கே செலவழித்தாலும் சரி, தர்மத்துக்கே செலவழித்தாலும் சரி, கணக்கு அதுதான். ‘எல்லாம் சாமிக்குத்தானே அண்ணாச்சி’ என்று மேனேஜர் சொன்னாரே, அந்தப் பதிலுக்கு 1888-லேயே சட்டம் எழுதியவன் மறுபதில் எழுதி வைத்துவிட்டான்! இந்தச் சாக்கை அவன் காலத்திலும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது உட்பிரிவு இன்னும் நியாயமானது. ஒரு கட்டடத்தில் ஒரு பகுதி வழிபாட்டுக்கு, மறு பகுதி வாடகைக்கு என்றிருந்தால், வழிபாட்டுப் பகுதியைத் தனிச் சொத்தாகக் கருதி அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். கர்ப்பக்கிருகத்துக்கும் பிராகாரத்துக்கும் வரி வேண்டாம், முகப்பில் இருக்கும் ஆறு கடைக்கும் மாடியில் இருக்கும் மண்டபத்துக்கும் வரி உண்டு என்பதுதான் இதன் பொருள். ஆக, மண்டபத்துக்கு வரி கேட்பது சாமிக்கு வரி கேட்பதாகாது. சாமியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறவரிடம் கேட்பது.

9,900 என்ற தொகையின் மர்மமும் இப்போது உங்களுக்கு விளங்க வேண்டும். 2017-இல் வந்த ஜி.எஸ்.டி. விதிகளில், பதிவு பெற்ற மத டிரஸ்ட் தன் வளாகத்திலுள்ள மண்டபத்தை நாளொன்றுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விட்டால் அந்த வரி இல்லை. 10,000-ஐத் தொட்டால் உண்டு. கடைகளுக்கு மாத வாடகை 10,000 என்று எல்லை. எல்லைக்கு நூறு ரூபாய் கீழே நிற்கிறது என் ரசீது! இப்படி ஒரு கணக்குப்பிள்ளை கிடைக்க அந்தச் சாமி கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் மத்திய அரசுக்கும் மாநகராட்சிக்கும் இரண்டு பேருக்கும் நாமம் போட்டாயிற்று. நாமம் போட்டதில் மூன்றாவது ஆள் நான், அன்னதானம் செய்யாமலே அன்னதாதா ஆனவன்.

தமிழில் வரிவிலக்குப் பெற்ற நிலத்துக்கு ‘இறையிலி’ என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் முழுக்க இந்தச் சொல் வரும். நம் மேடைப் பேச்சாளர்கள் இதை எடுத்துக்காட்டி, கோயிலுக்கு வரி கேட்பது தமிழ் மரபே அல்ல என்பார்கள். அவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். கோயிலுக்கு விட்ட நிலத்தை இறையிலி ஆக்கும்போது, கொடுத்தவரிடமிருந்து ஊர்ச்சபை ஒரு மொத்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு, அந்த நிலத்தின் வரியைத் தானே கட்டி வருவதாக ஒப்புக்கொண்ட கல்வெட்டுகள் உண்டு. ஒருவனுக்கு வரி நீங்கினால் அது காற்றில் கரைந்து போகாது, ஊரார் தலையில் விழும் என்று அந்தச் சபைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கல்லில் வெட்டினார்கள். இங்கே நாம் கல்லை மட்டும் காட்டுகிறோம், பணத்தைக் காட்டுவதில்லை.

இனி நம் ஆட்கள் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். கமிட்டியில் பேசிப் பார்த்தபோது வந்தவை இவை.

“500 சதுர அடிக்குள் வீடு இருந்தால் வரியே இல்லையே, நமக்கென்ன?” என்றார் ஒருவர். உண்மைதான். மகாராஷ்டிர அரசு 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு மும்பையில் சொத்துவரியை நீக்கியிருக்கிறது. அது குடியிருப்புக்கு. கடைக்கு அல்ல, பட்டறைக்கு அல்ல. நம்மில் பாதிப் பேருக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதானே? தையல் மெஷின் நிற்கும் இடத்தில்தான் பாய் விரிக்கிறோம். அந்த இடத்தை வீடு என்று எழுதுவதா, கடை என்று எழுதுவதா என்பதை அளவெடுக்க வரும் குமாஸ்தா தீர்மானிப்பார். நானும் குமாஸ்தாதான், பேனா எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். சொந்த இடமில்லாமல் வாடகைக்கு இருக்கிறவர் தப்பினார் என்றும் நினைக்க வேண்டாம். கடைக்காரன் மேல் விழும் வரி அடுத்த மாத வாடகையில் ஏறி நிற்கும்.

“உன் ரயில்வே மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறதா?” என்று இன்னொருவர் மடக்கினார். நல்ல கேள்வி. அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ நகராட்சியோ வரி போட முடியாது. ரயில்வே அந்த நிழலில்தான் நிற்கிறது. ஆனால் ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் ஒரு முடிவு ஏற்பட்டது. வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் கட்ட வேண்டும். மாநகராட்சியின் எல்லாச் சேவையையும் பெற்றால் சொத்துவரியில் 75 சதவீதம், பாதி பெற்றால் 50, எதுவும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. சர்க்காருக்கே இந்த விதி என்றால், அறுபதாயிரம் ரூபாய்க்கு மண்டபம் விடுகிறவருக்கு என்ன கூச்சம்? கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எச்சில் இலையை அள்ளிப்போக மாநகராட்சி லாரிதானே வந்தது?

“டிரஸ்டுகள் பள்ளிக்கூடம் நடத்துகின்றன, ஆஸ்பத்திரி நடத்துகின்றன, அவற்றையும் கெடுக்கப் பார்க்கிறாயா?” என்றார் ஒரு பெரியவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் தலைமுறை கையேந்திக் காசு சேர்த்துக் கட்டியவை இவை. இலவசமாகச் சோறு போடும் இடத்துக்கும், இலவசமாக மருந்து கொடுக்கும் இடத்துக்கும் விலக்கு இருக்கட்டும். ஆனால் தர்மம் என்ற பலகை மாட்டிவிட்டால் போதாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டில்லி மாநகராட்சிச் சட்டத்திலும் மும்பையைப் போலவே ஒரு விலக்குப் பிரிவு உண்டு. அதை வைத்துக் கட்டணப் பள்ளிக்கூடங்கள் வரிவிலக்குக் கேட்ட வழக்கில், 1992-இல் உச்சநீதிமன்றம், கல்வி கொடுப்பதாலேயே ஓர் இடம் தர்ம ஸ்தாபனம் ஆகிவிடாது, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவதில் பொதுமக்களுக்கு என்ன தர்மம் என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளுக்கு அட்மிஷன் வாங்கப் போய் ‘கட்டட நிதி’ கொடுத்துவிட்டு வந்தவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் கன்னியர் மடத்துச் சகோதரிகள் தங்கும் இடத்துக்கும் மாணவர் விடுதிக்கும் கட்டட வரி கேட்டபோது, 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவர்களுக்கு விலக்கு உண்டு என்றது. அந்த மாநிலத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் சொல் ‘முக்கியமாக’ என்பது; மும்பைச் சட்டத்தில் இருப்பது ‘மட்டுமே’ என்பது. சட்டம் வேறு, சொல் வேறு. உலகத்தைத் துறந்து வந்தவர்கள் படுத்துறங்கும் அறைக்கு வரி கேட்க எனக்கும் மனமில்லை. நான் கேட்பது மாப்பிள்ளை அழைப்புக்கு விடும் ஏ.சி. ஹாலைப் பற்றி.

கடைசியாக வந்த ஆட்சேபம்தான் விஷமுள்ளது. “முதலில் அவர்கள் இடத்தைப் போய்க் கேள், பிறகு நம் கோயிலுக்கு வா.” அவர்கள் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் எரிந்ததைக் கண்டவர்கள் நம் சந்துகளில் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவர்களிடம் கேளுங்கள். அவரவர் சாமியைக் காட்டி அவரவர் கடையைக் காப்பாற்றிக்கொள்ள இது ஒரு நல்ல உபாயம். இந்துக்காரர் மசூதிக் கடைகளைக் காட்டுவார், முஸ்லிம் கோயில் மண்டபத்தைக் காட்டுவார், இருவரும் சேர்ந்து சர்ச் மைதானத்தைக் காட்டுவார்கள். கடைசியில் மூவரும் கட்டமாட்டார்கள். இட்லி அக்கா கட்டுவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை.

அதனால்தான் நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். தெருமுனையில் நாலு செங்கல் வைத்து மாரியம்மனுக்கு விளக்கேற்றும் பாட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் விடமாட்டோம். அந்த விளக்குக்குப் பின்னால் எவன் கடை வைத்திருக்கிறான் என்பதுதான் கேள்வி. நம் ஜாதிச் சங்கங்கள், நம் கோயில் டிரஸ்டுகள், நம் பஜனை சமாஜங்கள் எத்தனையில் முகப்புக் கடை இருக்கிறது? எத்தனையில் மண்டப வாடகை ‘நன்கொடை’ ஆகிறது? அந்தப் பணம் எங்கே போகிறது என்று எந்த உறுப்பினருக்குத் தெரியும்? தர்மகர்த்தாவின் மைத்துனருக்குத் தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழைய பேச்சு. இப்போது சாமிக்கே கணக்குக் காட்டுவதில்லை. 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு டிரஸ்டும் அறக்கட்டளை ஆணையரிடம் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். அங்கே ‘நன்கொடை’ என்ற தலைப்பில் எவ்வளவு, ‘வாடகை’ என்ற தலைப்பில் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்தால் போதும். முகூர்த்த மாதங்களில் மட்டும் நன்கொடை பொங்கி, ஆடியிலும் மார்கழியிலும் வற்றிப்போகும் விந்தையைக் காணலாம். ஆடி மாதத்தில் மக்களுக்குப் பக்தி குறைந்துவிடுகிறதா?

நம் சங்கக் கமிட்டியில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

தகவல் உரிமைச் சட்டப்படி வார்டு ஆபீசுக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் செலவு. 143-ஆவது பிரிவில் விலக்குப் பெற்றுள்ள எல்லாச் சொத்துகளின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் கடையோ வாடகையோ உண்டா என்று கடைசியாக எந்தத் தேதியில் நேரில் பார்த்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எல்லா மதமும் ஒரே பட்டியலில் வர வேண்டும். அந்தப் பட்டியல் கிடைத்ததும் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, இந்த இடங்களில் வசூலித்து முடித்த பிறகு பத்துக்குப் பத்து அறைக்கு அளவு நாடாவைக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல வேண்டும். 227 கவுன்சிலர்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஓட்டை வாங்கிக்கொண்டு போனவர்களும் அவர்களில் உண்டு.

இரண்டாவது தீர்மானம் கசப்பானது. நம் சங்கம் இனிமேல் எந்த விழாவுக்கு எந்த மண்டபத்தைப் பிடித்தாலும், வாடகை என்று எழுதிய ரசீது தராத இடத்தில் பிடிக்கக் கூடாது. பொங்கல் விழாவும் இதில் அடங்கும். அப்படிப்பட்ட மண்டபம் கிடைக்காவிட்டால் மைதானத்தில் பந்தல் போட்டுக்கொள்வோம். முன்பு அப்படித்தானே நடத்தினோம்?

இது வெளிவந்ததும் அந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று தெரியும். தங்கை வீட்டாருக்கும் வருத்தம் இருக்கும். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் கூட்டம். இரண்டு ரசீதையும் எடுத்து வருகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தோடு அப்படி ஏதாவது ரசீது கிடந்தால் நீங்களும் எடுத்து வாருங்கள்.